முகத்தில் குழி குழியாகத் தெரிகிறதா? கவலை வேண்டாம்!



கண்ணாடி முன்னால் நின்று மூக்கையும் கன்னத்தையும் உற்றுப் பார்க்காதவர் நம்மில் யார்? ஆரஞ்சுத் தோல் மாதிரி குட்டிக் குட்டிப் புள்ளியாகத் தெரியும். உடனே, “ஐயையோ, முகமெல்லாம் ஓட்டையாயிடுச்சே!” என்று கவலை வந்துவிடும். அப்புறம் எலுமிச்சம்பழம், டூத்பேஸ்ட், யாரோ சொன்ன கிரீம் என்று ஆரம்பித்துவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள்! அந்தத் துளை என்னவென்று முதலில் தெரிந்துகொள்வோம்.

அது ஓட்டை இல்லை, வாசல்!

தோலில் முடி முளைக்கும் ஒவ்வொரு குழியோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி சேர்ந்திருக்கிறது. அதில் சுரக்கும் எண்ணெய்க்கு ‘சீபம்’ என்று பெயர். அது வெளியே வரும் வாசல்தான் நுண்துளை. தோல் காய்ந்துபோகாமல் காப்பது இந்த எண்ணெய்தான். முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 400 முதல் 900 சுரப்பிகள் வரை உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூட இல்லை!

ஏன் பெரிதாகத் தெரிகிறது?

நம் வயதில் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஆண், பெண் இருவருக்கும்தான். அதனால் எண்ணெய் அதிகம் சுரக்கும். இறந்த செல்களும் எண்ணெயும் சேர்ந்து துளையை அடைத்தால் வாசல் விரிந்து தெரியும். அடைப்பின் மேல்பகுதி காற்று பட்டுக் கறுத்தால் அதுதான் கரும்புள்ளி. அது அழுக்கு இல்லை! அப்பா அம்மாவுக்கு இருந்தால் நமக்கும் இருக்கலாம். பல வருடம் வெயில் பட்டாலும் தோல் தளர்ந்து துளை பெரிதாகத் தெரியும்.

மூட முடியுமா?

முடியாது. கதவு மாதிரி திறந்து மூட அதில் தசை கிடையாது. ஆவி பிடித்தால் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பதெல்லாம் சும்மா. ஐஸ் வைத்தால் கொஞ்ச நேரம் இறுகின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் துளை குறைவாகத் தெரியும்படி செய்யலாம்.

என்ன செய்யலாம்?

1. காலை, இரவு, விளையாடி வியர்த்த பிறகு முகம் கழுவுங்கள். தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். தோலின் பி.எச். சுமார் 5. குளியல் சோப்புகள் பெரும்பாலும் 9, 10 வரை போகும். அதனால் மென்மையான ஃபேஸ்வாஷ் நல்லது.

2. தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்க்காதீர்கள். அது நெற்றியில் இறங்கித் துளைகளை அடைக்கும். நெற்றி ஓரத்தில் பொரிப் பொரியாக வர இதுவும் ஒரு காரணம்.

3. வெயிலில் குடையோ தொப்பியோ அவசியம். சன்ஸ்கிரீன் வாங்கினால் ‘நான்-காமெடோஜெனிக்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். துளையை அடைக்காத வகை என்று அர்த்தம்.

4. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். துளைக்குள் போய் அடைப்பைத் தளர்த்தும். 2 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். முதலில் ஒரு சின்ன இடத்தில் தடவிப் பாருங்கள். எரிந்தால் நிறுத்திவிடுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

செய்யவே கூடாதவை!

* நகத்தால் பிதுக்குவது. புண்ணாகும், தழும்பு நிற்கும்.

* எலுமிச்சைச் சாறு. அதன் பி.எச். சுமார் 2. தடவிவிட்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்பளிக்கலாம். கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் போகாது.

* டூத்பேஸ்ட். பல்லுக்குச் செய்தது பல்லுக்குத்தான்!

* மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம். இதுதான் பெரிய ஆபத்து. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று டியூபில் போட்டிருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். முதல் வாரம் முகம் பளபளக்கும். போகப் போகத் தோல் மெலிந்து, சிவந்து, பரு கொட்டும், முடிகூட முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். தோழி போடுகிறாள் என்று நீங்களும் போடாதீர்கள். அவளிடமும் சொல்லுங்கள்!

பரு அதிகமாக இருந்தால் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

விளம்பரப் படங்களில் துளையே இல்லாத முகம் தெரிகிறதே, எப்படி? கம்ப்யூட்டரில் அழித்துவிடுகிறார்கள். செல்போன் ஃபில்டரும் அதே வேலைதான். துளையே இல்லாத முகம் உலகத்தில் யாருக்கும் கிடையாது. நம் மூக்குத் துளையை நாம்தான் நாலு விரல் தூரத்தில் பார்க்கிறோம். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு நம் சிரிப்புதான் தெரியும்!

– 10ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு