நாட்பட்ட சைனசு அழற்சியில் சைட்டோக்கைன்கள்

சைட்டோக்கைன்கள் என்பவை உயிரணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் சிறு புரதங்கள் ஆகும். மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் அமைந்த காற்றறைகள் சைனசுகள் எனப்படுகின்றன. மூக்கு, சைனசுகள் ஆகியவற்றின் உட்சவ்வு 12 வாரங்களோ அதற்கு மேலோ அழற்சியுற்றிருப்பது நாட்பட்ட சைனசு அழற்சி ஆகும். மூக்கடைப்பு, சளி ஒழுகுதல், முகத்தில் வலி அல்லது அழுத்தம், மணம் அறியும் திறன் குறைதல் ஆகியன இதன் முதன்மை அறிகுறிகள். இந்நோய் நீங்காத கிருமித்தொற்று என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அறுவை மருத்துவமும் பெற்ற பின்னரும் பலருக்கு நோய் மீள்வதன் காரணத்தைச் சைட்டோக்கைன்கள் பற்றிய ஆய்வுகள் பெருமளவு விளக்குகின்றன.

செயல்முறை

தூசு, பூஞ்சை, பாக்டீரியா, தீநுண்மம் முதலியவை தாக்கும்போது, உட்சவ்வின் மேற்பரப்பு உயிரணுக்கள் இன்டர்லியூக்கின்-25, இன்டர்லியூக்கின்-33 போன்ற எச்சரிக்கைப் புரதங்களை வெளியிடுகின்றன. இவற்றால் தூண்டப்படும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் பின்வரும் சைட்டோக்கைன்களைச் சுரக்கின்றன:

* இன்டர்லியூக்கின்-4: ஒவ்வாமையுடன் தொடர்புடைய ஐ.ஜி.இ எதிர்ப்பொருளின் உற்பத்தியைத் தூண்டுகிறது.
* இன்டர்லியூக்கின்-5: ஈசினோபில் எனும் வெள்ளையணுக்களைப் பெருக்கி, திசுவில் அவற்றின் வாழ்நாளை நீட்டிக்கிறது.
* இன்டர்லியூக்கின்-13: சளிச் சுரப்பை மிகுவிக்கிறது, உட்சவ்வின் தடுப்பரணைத் தளர்த்துகிறது.

ஈசினோபில்கள் வெளியிடும் நச்சுத்தன்மையுள்ள புரதங்கள் உட்சவ்வைச் சிதைக்கின்றன. சிதைந்த சவ்வு மீண்டும் எச்சரிக்கைப் புரதங்களை வெளியிடுகிறது. இவ்வாறு அழற்சி தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் சுழற்சியாக மாறுகிறது.

வகைகள்

மேற்கூறிய மூன்று சைட்டோக்கைன்களும் மேலோங்கிய நிலை இரண்டாம் வகை அழற்சி எனப்படும். பாலிப்பு எனும் மென்மையான சதை வளர்ச்சி மூக்கினுள் உள்ளவர்களிடமும், அவர்களுள் ஆசுத்துமா உடையோரிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. வேறு சிலரிடம் இன்டர்பெரான்-காமா, இன்டர்லியூக்கின்-17 ஆகியவை மேலோங்குகின்றன; அங்கு நியூட்ரோபில் வெள்ளையணுக்கள் மிகுந்திருக்கும். 2008 இல் வெளியான ஓர் ஆய்வு பெல்சிய, தென்சீன நோயாளிகளின் பாலிப்புகளை ஒப்பிட்டது. முதற்பிரிவினரிடம் ஈசினோபில் சார்ந்த அழற்சியும், இரண்டாம் பிரிவினரிடம் நியூட்ரோபில் சார்ந்த அழற்சியும் மேலோங்கியிருந்தன. தோற்றத்தில் ஒத்த பாலிப்புகளும் உள்ளே வேறுபடலாம் என்பதை இது காட்டியது.

மருத்துவத்தில் பயன்பாடு

உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் மூக்கில் தெளிக்கும் இசுட்டீராய்டு மருந்துகளும் அடிப்படை மருத்துவமாகும். இசுட்டீராய்டுகள் பலவகைச் சைட்டோக்கைன்களின் உற்பத்தியை ஒருசேரக் குறைக்கின்றன. இவற்றால் கட்டுப்படாத பாலிப்பு நோய்க்கு, குறிப்பிட்ட மூலக்கூறுகளை மட்டும் தடுக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் உள்ளன. இன்டர்லியூக்கின்-4, 13 ஆகிய இரண்டின் செயலையும் தடுக்கும் டுப்பிலுமாப் 2019 இலும், இன்டர்லியூக்கின்-5 ஐத் தடுக்கும் மெப்போலிசுமாப் 2021 இலும் ஐக்கிய அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றன. இரண்டாம் வகை அழற்சி உள்ளவர்களுக்கே இவை பொருத்தமானவை. டுப்பிலுமாப்பை 24 வாரங்களில் நிறுத்திய ஆய்வில், அதன்பின் நோயாளிகளின் நிலை மீண்டும் மோசமடைந்தது. மருந்து அழற்சிச் சுழற்சியை அடக்கி வைத்ததே அன்றி, அதை முற்றாக நீக்கவில்லை என்பதை இது உணர்த்துகிறது.