கழிவு எண்ணெய் அடுப்பு யாருக்கு லாபம்?

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 9 டிகிரி. அந்தக் குளிரில் தகரக் கூரை வேய்ந்த பட்டறையில் நின்று கார் பழுதுபார்க்க வேண்டுமென்றால், முதலில் பட்டறையைச் சூடாக்கியாக வேண்டும். இல்லையென்றால் ஸ்பானரைப் பிடித்த கை விறைக்கும், கிரீஸ் இறுகிக் கிடக்கும், பெயின்ட் காயாது. குளிர்காலம் முழுக்க எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் பணம் கட்டுவது சிறு பட்டறைக்காரருக்குப் பெரும் பாரம். அதே பட்டறையின் மூலையில், கார்களிலிருந்து வடித்த கறுத்த இன்ஜின் ஆயில் பீப்பாயில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை எரித்துக் குளிர் காய்ந்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்த எண்ணம் செயலாக மாறியது. 'மதர் எர்த் நியூஸ்' என்ற அமெரிக்க இதழ், கழித்துப்போட்ட வாட்டர் ஹீட்டர் தொட்டியைக் கொண்டு இப்படி ஓர் அடுப்பு செய்யும் முறையை 1970-களின் இறுதியில் வெளியிட்டது. அதைப் பார்த்தும் மாற்றியும் செய்யப்பட்ட அடுப்புகள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் எரிகின்றன. இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எப்படிச் செய்வது என்பதோடு நின்றுவிடுகிறது. யார் செய்கிறார், யாருடைய எண்ணெயை எரிக்கிறார் என்று கேட்டால்தான் உண்மையான கணக்கு வெளியே வரும். வீட்டிலேயே அடுப்பு செய்ய விரும்புபவரிடம் போதிய எண்ணெய் இருப்பதில்லை. போதிய எண்ணெய் வைத்திருப்பவருக்கு வீட்டில் செய்த அடுப்பு தேவைப்படுவதில்லை.

கழிவு எண்ணெயில் வெப்பம் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு லிட்டரை முழுமையாக எரித்தால் ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் கிடைக்கும். அதாவது 2 கிலோவாட் மின் ஹீட்டர் ஒன்று ஐந்து மணி நேரம் ஓடித் தருகிற வெப்பம். ஆனால் அதைப் பற்றவைப்பது எளிதல்ல. டீசல் 50, 60 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். இன்ஜின் ஆயிலுக்கு 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எரியும் தீக்குச்சியை அதில் போட்டால் குச்சிதான் அணையும். எனவே எண்ணெயை முதலில் ஆவியாக்க வேண்டும், அல்லது மிக நுண்ணிய துளிகளாக உடைக்க வேண்டும். வீட்டுத் தயாரிப்புகளில் பெரும்பாலானவை முதல் வழியைப் பின்பற்றுபவை. கனத்த இரும்புத் தொட்டியின் அடியில் ஒரு தட்டை வைத்து, கொஞ்சம் விறகோ டீசலோ எரித்து அதைப் பழுக்கச் சூடாக்குவார்கள். பிறகு மேலே இருக்கும் கலத்திலிருந்து குழாய் வழியே எண்ணெய் சொட்டுச் சொட்டாக அந்தத் தட்டில் விழும். விழுந்ததும் ஆவியாகி எரியும். அந்தத் தீயே தட்டைத் தொடர்ந்து சூடாக வைத்திருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் எரிய ஏறத்தாழ 10 கனமீட்டர் காற்று தேவை. உயரமான புகைபோக்கியின் இழுவையோ ஒரு சிறிய புளோயரோ அதைக் கொடுக்கும். காற்று குறைந்தால் கரும்புகை வரும். அதைவிட மோசமான கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்ட பட்டறையில் அது உயிரையே குடிக்கும்.

இரண்டாவது வழியில் புகழ்பெற்றது ராபர்ட் பாபிங்டன் என்ற அமெரிக்கர் 1969-இல் காப்புரிமை பெற்ற முறை. உள்ளே குடைவான ஓர் உருண்டையின் மேல் எண்ணெய் மெல்லிய படலமாக வழியும். உருண்டைக்குள்ளிருந்து ஒரு நுண்துளை வழியே பீறிடும் காற்று அந்தப் படலத்தைக் கிழித்துத் துளிகளாகத் தெறிக்கவைக்கும். துளை வழியே வருவது காற்று மட்டுமே. எண்ணெயில் எவ்வளவு அழுக்கு இருந்தாலும் துளை அடைபடாது. அமெரிக்க ராணுவத்தின் களச் சமையல் கூடங்களில் இந்தத் தத்துவத்தில் இயங்கும் பர்னர்கள் பயன்பட்டன. ஆர்வலர்கள் பித்தளைக் கதவுக் குமிழில் துளையிட்டு இதைச் செய்துபார்க்கிறார்கள். இவ்விரண்டு முறைகளுக்கும் இடையே பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்று உண்டு. பயன்படுத்திய எண்ணெயில் தேய்மானத்தால் வந்த உலோகத் துகள்களும், எண்ணெயோடு சேர்த்த துத்தநாகம், கால்சியம், பாஸ்பரஸ் சேர்மங்களும் இருக்கும். அவை எரிந்து மறைந்துபோவதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கீட்டு அட்டவணைப்படி, ஆவியாக்கி எரிக்கும் அடுப்பிலிருந்து புகைபோக்கி வழியே வெளியேறும் ஈயம், துளியாக்கி எரிக்கும் அடுப்பிலிருந்து வெளியேறுவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எளிய சொட்டு அடுப்புக்கு இது பெருமைதான் என்று தோன்றலாம். ஆனால் வெளியே போகாத உலோகம் தட்டில் சாம்பலாகப் படிகிறது. தட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்பவர் கையிலும் மூச்சிலும் அது சேர்கிறது. நஞ்சு ஊருக்குப் போகிறதா, உரியவருக்கே வருகிறதா என்பதுதான் வேறுபாடு.

இனி அளவுக் கணக்குக்கு வருவோம். சுவரிலும் கூரையிலும் வெப்பக் காப்பு இல்லாத, இரண்டு கார் நிற்கும் பட்டறைக்குக் கடுங்குளிரில் 10 கிலோவாட் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எரிகிற எண்ணெயின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு புகைபோக்கியோடு போய்விடுகிறது என்று கொண்டால், மணிக்கு ஒன்றரை லிட்டர் எண்ணெய் செலவாகும். எட்டு மணி நேர வேலைக்கு 12 லிட்டர். ஒரு காரில் ஆயில் மாற்றினால் கிடைப்பதோ நாலைந்து லிட்டர். தன் இரண்டு கார்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை தானே ஆயில் மாற்றிக்கொள்ளும் ஒருவருக்கு 16 முதல் 20 லிட்டர் சேரும். அதை வைத்து இரண்டு நாள்கூட முழுதாகக் குளிர் காய முடியாது. மாறாக, நாளுக்கு ஆறு கார்களுக்கு ஆயில் மாற்றும் கடைக்கு ஒரே நாளில் இரண்டு நாளுக்கான எரிபொருள் சேர்கிறது. அந்தக் கடைக்கு வேலையாட்கள் உண்டு, காப்பீடு உண்டு, தீயணைப்புத் துறையின் சோதனை உண்டு. 'யுஎல் 296ஏ' என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலைப்படி சோதிக்கப்பட்ட கழிவு எண்ணெய் ஹீட்டர் சில ஆயிரம் டாலர் விலை என்றாலும், எண்ணெய் தாராளமாகக் கிடைக்கிற கடைக்கு மிச்சமாகும் எரிபொருள் செலவில் அந்தப் பணம் திரும்பிவிடும். ஆக, வீட்டில் செய்த அடுப்பைப் பெரும்பாலும் நாடுவது சொந்த எண்ணெய் போதாதவர். அவர் அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் எண்ணெய் கேட்டு வாங்கத் தொடங்குகிறார். அபாயமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஏனென்றால் பழைய எண்ணெய் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான்; பீப்பாய்க்குள் என்னென்ன கொட்டப்பட்டது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிரேக் கிளீனர் போன்ற குளோரின் கலந்த கரைப்பான் கொஞ்சம் சேர்ந்திருந்தால், எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு உண்டாகும். அது அடுப்பின் இரும்பையும் அரிக்கும், நுரையீரலையும் அரிக்கும். பழைய மின்மாற்றி எண்ணெயில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருந்தால் அரைகுறைத் தீயில் டையாக்சின் வகை நஞ்சுகள் உருவாகலாம். கழிவு எண்ணெயை நம்பி ஏமாந்த ஊருக்குப் பெயரே உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள டைம்ஸ் பீச்சில், தெருப்புழுதி அடங்க 1970-களின் தொடக்கத்தில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. அந்த எண்ணெயில் ஒரு ரசாயன ஆலையின் டையாக்சின் கழிவு கலந்திருந்தது பின்னால் தெரிந்தது. 1983-இல் ஊரையே விலைக்கு வாங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை அரசு வெளியேற்ற வேண்டியதாயிற்று. இத்தகைய கலப்படத்தை மனதில் வைத்தே அமெரிக்க விதிகள் எழுதப்பட்டுள்ளன. எண்ணெயில் குளோரின் போன்ற ஹாலஜன்கள் பத்து லட்சத்தில் 1,000 பங்குக்கு மேல் இருந்தால், அதில் அபாயகரக் கழிவு கலந்திருக்கிறது என்றே சட்டம் கருதும். இல்லை என்று நிரூபிப்பது எண்ணெய் வைத்திருப்பவர் பொறுப்பு.

எண்ணெய் சுத்தமானதாகவே இருந்தாலும் அடுப்பை நிறுத்துவது என்ற பிரச்சினை இருக்கிறது. வீட்டில் அடுப்பு செய்பவர்கள் தங்கள் திறமையையெல்லாம் நன்றாக எரியவைப்பதில் செலவிடுகிறார்கள். தொழிற்சாலையில் செய்த ஹீட்டரின் விலையில் கணிசமான பகுதி, தேவைப்படும்போது அதை அணைக்கும் பாகங்களுக்கானது. தீ அணைந்ததை உணர்ந்து எண்ணெயை உடனே நிறுத்தும் கருவி, சூடு எல்லை மீறினால் மூடிக்கொள்ளும் வால்வு, புளோயர் நின்றால் எரிபொருளையும் நிறுத்தும் இணைப்பு ஆகியவை அதில் இருக்கும். புவியீர்ப்பில் சொட்டும் அடுப்பில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. தீ அணைந்த பிறகும் சூடான தட்டில் எண்ணெய் சொட்டினால், தொட்டி முழுக்க ஆவி நிரம்பும். மறுபடி பற்றும்போது அது வெடிக்கும். எண்ணெயின் அடியில் தண்ணீர் தங்கியிருந்தாலும் இதே கதைதான். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர்த் துளி விழுந்தால் என்ன ஆகும் என்பது சமையல் தெரிந்த எவருக்கும் தெரியும். இங்கே அது தீயோடு சேர்ந்து நடக்கும். போதாக்குறைக்கு, அருகிலேயே பெட்ரோல் டேங்க் திறந்த கார் நிற்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டியே பரவும். கார் நிறுத்தும் இடங்களில் தீப்பொறி எழக்கூடிய கருவிகளைத் தரையிலிருந்து 18 அங்குலத்துக்கு மேலே வைக்க வேண்டும் என்று அமெரிக்க விதிகள் சொல்வது இதனால்தான். தரையில் நிற்கும் வீட்டுச் சொட்டு அடுப்பின் தட்டோ தரைக்கு மிக அருகில் இருக்கிறது.

இதற்கெல்லாம் எதிர்வாதங்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் எந்த விபத்தும் இல்லாமல் இந்த அடுப்பு ஓடுகிறதே என்பது முதலாவது. உண்மை, கவனமான கைகளில் அது ஓடும். ஆனால் அந்தப் பாதுகாப்பு அடுப்பில் இல்லை, பக்கத்தில் நிற்கும் ஆளிடம் இருக்கிறது. அவர் தொலைபேசி பேச வெளியே போகும் ஐந்து நிமிடத்துக்கு அடுப்புக்குப் பொறுப்பு யாரும் இல்லை. சட்டமே அனுமதிக்கிறதே என்பது இரண்டாவது வாதம். அமெரிக்கக் கூட்டரசு விதி, பட்டறைகள் கழிவு எண்ணெயை ஹீட்டரில் எரிக்க அனுமதிக்கத்தான் செய்கிறது. ஆனால் எண்ணெய் அந்தப் பட்டறையிலேயே உண்டானதாகவோ, தன் வண்டிக்குத் தானே ஆயில் மாற்றும் வீட்டுக்காரர்கள் கொடுத்ததாகவோ இருக்க வேண்டும். ஹீட்டரின் திறன் மணிக்கு 5 லட்சம் பிடியு என்ற வெப்ப அளவைத் தாண்டக் கூடாது. புகை வெளியே போக வேண்டும். பக்கத்துப் பட்டறையில் எண்ணெய் வாங்கி எரிப்பவர் முதல் நிபந்தனையிலேயே தவறுகிறார். இங்கிலாந்து இன்னும் கடுமை காட்டியது. 2016 ஏப்ரல் முதல், கழிவு எண்ணெய் எரிக்கும் சிறிய பட்டறை ஹீட்டர்களும் கழிவு எரிப்பு உலைகளுக்கான விதிகளின் கீழ் வந்தன. ஏழைப் பட்டறைக்காரருக்கு வேறு என்ன வழி என்பது மூன்றாவது வாதம். மூன்றிலும் நியாயமானது இதுதான். ஆனால் அவருடைய பணத்துக்கு முதல் பலன் கூரைக்கும் கதவுக்கும் காப்பு போடுவதில் கிடைக்கும். வெப்பத் தேவை பாதியானால், எந்த எரிபொருளானாலும் செலவும் பாதியாகும்.

எரிக்காவிட்டால் எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இன்ஜினில் ஓடிய எண்ணெய் பெரும்பாலும் தேய்ந்துபோவதில்லை. அழுக்காகிறது, அதில் சேர்த்த ரசாயனங்கள் தீர்ந்துபோகின்றன. தண்ணீரையும் கசடையும் நீக்கி, வெற்றிடத்தில் வடித்து, ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரித்தால் அது மீண்டும் மசகு எண்ணெய் ஆகிவிடும். ஒரு கேலன் பழைய எண்ணெயிலிருந்து கிடைக்கும் இரண்டரை குவார்ட் புது மசகு எண்ணெயைக் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்க 42 கேலன் வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அந்த 42 கேலனில் பெட்ரோலும் டீசலும்கூடக் கிடைக்கும் என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒருமுறை எரித்தால் தீர்ந்துபோகும் பொருளைப் பலமுறை பயன்படுத்த முடியும் என்பது மாறாது. குளிர் இல்லாத தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இந்த அடுப்புக்கு வேலையில்லை என்றாலும் எண்ணெய் இங்கும் அதே எண்ணெய்தான். சென்ட்ரிங் பலகையில் தடவவும், சாக்கடையில் ஊற்றவும் அது போய்விடுகிறது. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் ஏற்பாடு. 2024 ஏப்ரல் முதல் மசகு எண்ணெய் உற்பத்தியாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் அந்தப் பொறுப்பில் பங்கு தரப்பட்டிருக்கிறது.

ஆகவே முடிவு இதுதான். நாள்தோறும் ஆயில் மாற்றும் பட்டறை, தன் எண்ணெயை மட்டும், சோதித்துச் சான்று பெற்ற ஹீட்டரில், புகைபோக்கி வைத்து எரிக்கலாம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைச் சுவரில் மாட்டிவைக்கட்டும். சொந்தக் காருக்கு மட்டும் ஆயில் மாற்றுகிறவர், மூடியுள்ள கேனில் அதைத் தனியாகச் சேர்த்து, வேறெதையும் அதில் கலக்காமல், சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுவதே நல்லது. அடுப்பு செய்யத் தெரிந்த கைகள் முதலில் பட்டறைக் கூரையின் ஓட்டைகளை அடைக்கட்டும்.