கேட்டது சாய்தளம், கிடைத்தது மூன்று சக்கர வண்டி

திங்கட்கிழமை காலையில் ஏதேனும் ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார் கொண்டுவரும் மனுக்களின் நடை மனப்பாடமாகியிருக்கும். ‘ஆட்சியர் அவர்கள் சமூகம் கருணை கூர்ந்து’ என்று ஆரம்பித்து, ‘தங்கள் தாழ்மையுள்ள’ என்று முடியும் அந்தக் காகிதத்தில், கஷ்டங்களெல்லாம் விஸ்தாரமாக இருக்க, யார் எந்தச் சட்டப்படி எதைச் செய்யக் கடமைப்பட்டவர் என்ற விவரம் மட்டும் ஒரு வரியும் இராது. எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக இத்தகைய மனுக்களைத் திருத்தித் தரும் பொறுப்பு பல ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருப்பதால், இதைச் சற்று அலுப்புடனேயே எழுதுகிறேன்.

ஒரு தாலுகாச் சங்கத்தார், தங்கள் ஊர் வருவாய் அலுவலகத்துக்குச் சாய்தளம் வேண்டுமென்று மனுக் கொடுத்தார்கள். அந்த மனு ஆட்சியரிடமிருந்து நலத்துறைக்குப் போயிற்று. ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல்லைப் படித்தவுடனேயே அது தங்கள் துறையைச் சேர்ந்தது என்று தீர்மானித்துவிட்டவர்கள் போலும், கட்டடத்தைப் பற்றிய வரியை அங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து மனுதாரர்களில் இருவருக்கு மூன்று சக்கர வண்டிகள் வழங்கப்பட்டன, புகைப்படம் எடுக்கப்பட்டது, ‘மனு தீர்வு செய்யப்பட்டது’ என்று கோப்பு மூடப்பட்டது. வண்டிகள் இரண்டும் அதே அலுவலகத்தின் படிகளுக்குக் கீழே வந்து நின்றன. சங்கத்தாரிடம் மனுவின் நகல் கேட்டேன், இல்லை; ஒப்புகை ரசீது கேட்டேன், அதுவும் இல்லை; ‘பெரிய ஐயாவே கையில் வாங்கிக்கொண்டார்’ என்று பெருமையாகச் சொன்னார்கள்.

பின்னொரு காலத்தில் அங்கே சாய்தளமும் வந்தது. பார்க்கப் போனபோது நான் ஒரு நாடாவைக் கையோடு எடுத்துப் போனேன். வாசற்படியின் உயரம் இரண்டு அடி; சிமெண்டுச் சரிவின் நீளம் எட்டு அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கட்டட அளவைகளில் சாதாரணமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே இருபத்து நான்கு அடி இருந்திருக்க வேண்டிய இடத்தில், மூட்டை உருட்டுவதற்கு ஏற்ற ஒரு சறுக்கு மரம் கட்டியிருந்தார்கள், அதன் மேல்முனையில் ஒரு மோட்டார் சைக்கிளும் நின்றது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை, வரைபடம் போடும் நாளில் ஒரு நாழிகை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் இந்தச் செலவு வீணாகியிராது.

கேட்டே ஆகவேண்டும் என்று சொல்வது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஏற்பட்டு, இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையின் நான்காம் உறுப்பு, மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் சட்டங்களையும் கொள்கைகளையும் வகுக்கையில் அவர்களுடைய பிரதிநிதி அமைப்புகளை நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையிலிருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதற்கான நாற்காலிகளையே எண்ணிப் போட்டிருக்கிறது. சரித்திரம் இவ்வளவு போதும். நாற்காலிகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அச்சட்டத்தின் 66-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் துறை அமைச்சரைத் தலைவராகக் கொண்ட மாநில ஆலோசனை வாரியம் இருக்க வேண்டும்; அதில் அமைப்புகளின் பிரதிநிதிகளாகப் பத்துப் பேர், கூடுமானவரை மாற்றுத்திறனாளிகளாகவே, நியமிக்கப்பட வேண்டும்; அந்தப் பத்தில் ஐவருக்குக் குறையாமல் பெண்கள், ஆதிதிராவிடர் ஒருவர், பழங்குடியினர் ஒருவர். மாவட்டங்களின் பிரதிநிதிகளாகச் சுழற்சி முறையில் இன்னும் ஐவர். வாரியம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். 72-ஆம் பிரிவு மாவட்ட அளவிலும் ஒரு குழு வேண்டும் என்கிறது. உங்கள் மாவட்டக் குழுவில் அமர்ந்திருப்பவர் யார், அது கடைசியாகக் கூடிய தேதி என்ன என்று நான் விசாரித்த சங்கத் தலைவர்களில் பாதிப்பேர், அப்படியொரு குழு உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

இங்கே ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்காகப் பிறர் நடத்தும் தர்ம ஸ்தாபனம் வேறு, மாற்றுத்திறனாளிகளே உறுப்பினராகவும் நிர்வாகிகளாகவும் இருந்து நடத்தும் சங்கம் வேறு. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2018-இல் வெளியிட்ட ஏழாவது பொது விளக்கவுரை, கலந்தாலோசனையில் முதலிடம் பின்னதற்கே என்று தெளிவாகச் சொல்கிறது. இல்லம் நடத்துகிறவர்களின் சேவையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அரசு மானியத்தை எதிர்பார்த்திருக்கும் ஸ்தாபனத்தின் செயலாளர், அந்த அரசின் முகத்துக்கு நேரே ‘இது தவறு’ என்று சொல்வது சுலபமன்று. அதிகாரிகள் இதை நன்கு அறிந்தே அவரை அழைக்கிறார்கள்.

அழைப்பு வரவில்லை என்று குறைப்படும் சங்கங்கள் தங்கள் அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவு செய்துகொண்டு, அதன்பின் பல ஆண்டுகளாகப் பொதுக்குழுவைக் கூட்டாமல், வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல், நிர்வாகிகள் மாறிய விவரத்தை மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்காமல் விட்ட சங்கங்கள் எத்தனையோ. காலமாகிவிட்ட தலைவரின் பெயரே இன்னும் பதிவேட்டில் நிற்க, புதுத் தலைவர் கையெழுத்திட்ட மனுவை ‘இவர் யார்?’ என்று ஓர் எழுத்தர் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியதை நான் கண்டிருக்கிறேன். எழுத்தர் கேட்டது அடாவடிதான். ஆனால் பதில் நம்மிடம் இல்லை. இவற்றோடு சேர்த்துக் கொள்ள வேண்டியது இன்னொன்று: இல்லம், பள்ளி, பயிற்சி நிலையம் முதலியன நடத்துகிறவர்கள் உரிமைச் சட்டத்தின்படி தனியே பதிவுச் சான்று பெற்றாக வேண்டும், உரிமைக்காகப் பேசுவதை மட்டும் செய்யும் சங்கத்துக்கு அது தேவையில்லை. தேவையில்லாதவர்கள் அதற்காக அலைவதும், தேவையானவர்கள் அதைப் பெறாமலே இல்லம் நடத்துவதும் இன்று ஒருங்கே நடக்கின்றன.

இனி மனு. ஒரு மனுவில் ஒரே விஷயம் இருக்கட்டும். சாய்தளமும் உதவித்தொகையும் வீட்டுமனையும் ஒரே காகிதத்தில் போனால், சுலபமானதைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். நிர்வாகக் குழுவைக் கூட்டித் தீர்மானப் புத்தகத்தில் தீர்மானம் எழுதி, அதன் எண்ணையும் தேதியையும் மனுவின் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். பொதுக் கட்டடத்தைப் பற்றியதானால் உரிமைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவைச் சொல்லுங்கள்: ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கனவாக்க வேண்டும் என்பது அது, விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு 2022-லேயே கழிந்துவிட்டது. புதுக் கட்டடமானால் 44-ஆம் பிரிவு: அளவை மீறிய வரைபடத்துக்கு அனுமதியும் கூடாது, முடிவுச் சான்றும் கூடாது. மனுவை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் இட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். பெரிய ஐயாவே கையில் வாங்கிக்கொண்டாலும் ரசீது வேண்டும். அவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போவார்.

அதற்கும் அசையாவிட்டால், தமிழ்நாட்டில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையீடு. இதைத்தான் நம்மவர் பெரும்பாலும் மறந்து, முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு எழுதுகிறார்கள். அது சுற்றிச் சுற்றி, யார் மீது புகாரோ அவருடைய மேசைக்கே ‘தக்க நடவடிக்கைக்காக’ வந்து சேர்கிறது. ஆணையருக்கோ, சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும், 82-ஆம் பிரிவின்படி சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. முறையீட்டில் ஐந்து விவரங்கள் கட்டாயம் இருக்கட்டும்: உங்கள் பெயரும் முகவரியும், எதிர்த்தரப்பு அலுவலகத்தின் பெயரும் முகவரியும், எது எங்கே எப்போது நடந்தது என்பது, அதற்கான ஆவண நகல்கள், நீங்கள் கேட்கும் பரிகாரம். இந்த ஐந்தாவதை எழுதாமல் ‘ஆவன செய்யும்படி’ என்று முடிக்கிறவர்களுக்கு ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலே வரும். ‘இந்த நுழைவாயிலில், இந்த அளவில், இந்தத் தேதிக்குள் சாய்தளம்’ என்று எழுதுங்கள். ஆணையர் பரிந்துரை செய்துவிட்டால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதங்களுக்குள் அதை நிறைவேற்றித் தெரிவிக்க வேண்டும், அல்லது ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும். அது 81-ஆம் பிரிவு. அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்க வேண்டியவர் ஆணையர் அல்லர், நீங்கள்.

மாவட்டக் குழு கூடியதா என்பதை அறிய, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் போதும். ‘ஏன் கூடவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பதற்குப் பதில் தரத் தேவையில்லை என்று எழுதிவிடுவார்கள். கூடிய தேதிகள், வந்தவர்களின் பட்டியல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல், எடுத்த நடவடிக்கையின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒரு கூட்டமும் நடக்கவில்லை என்ற பதிலே கைக்கு வந்தாலும், அதுவே ஆணையரிடம் போவதற்குச் சரியான ஆவணம்.

கூட்டத்துக்கு அழைப்பே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்வையற்ற உறுப்பினரின் கையில் அச்சடித்த நிகழ்ச்சி நிரலைக் கொடுத்துவிட்டு, காது கேளாத உறுப்பினருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இருவருடைய கையெழுத்தையும் வருகைப் பதிவேட்டில் வாங்கி, ‘அமைப்புகளைக் கலந்தாலோசித்தோம்’ என்று எழுதிக்கொள்ளும் சாமர்த்தியம் நம் அலுவலகங்களுக்கு உண்டு. ஆகையால் அழைப்பு வந்த அன்றே, பிரெயில் அல்லது ஒலிவடிவில் நிரல், மொழிபெயர்ப்பாளர், சக்கர நாற்காலி நுழையும் அறை ஆகியவை வேண்டுமென்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். அவை இல்லையெனில் கையெழுத்தின் கீழேயே ‘வசதி செய்யப்படவில்லை’ என்று எழுதுங்கள்.

இவ்வளவு சிரமப்படுவதால் பிரயோஜனம் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று சதவீத வேலை ஒதுக்கீட்டை, தாங்களே தேர்ந்தெடுத்த சில பதவிகளில் மட்டும் கணக்கிட்டுக் குறைத்து வந்த மத்திய அரசை எதிர்த்துத் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு வழக்காடியதன் பேரில்தான், 2013 அக்டோபர் 8 அன்று, மொத்தக் காலியிடங்களின் மீதே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜூலையில், ஊரடங்கின் நடுவே, உரிமைச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் சிலவற்றைச் சமரசத்துக்குரியனவாக்கும் யோசனை ஒன்றை மத்திய அரசின் துறை சில அமைப்புகளுக்கு மட்டும் அனுப்பி, ஏறத்தாழப் பத்து நாளில் கருத்துக் கேட்டது. சட்ட வரைவுகளைக் குறைந்தது முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் தானே வகுத்துக்கொண்ட நெறியை மத்திய அரசு மறந்தது போலும். நாடெங்கும் அமைப்புகள் எழுத்திலேயே ஆட்சேபித்தன, யோசனை கைவிடப்பட்டது. அப்பத்து நாளில் எழுதாமல் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருந்தால், பொதுவிடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதித்தவர் பணம் கட்டிவிட்டுப் போகும் நிலை வந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இப்போது இன்னுமொரு வாசல் திறந்திருக்கிறது. 2025-இல் நிறைவேறிய சட்டத் திருத்தங்கள், நகர்ப்புற உள்ளாட்சிகளில் 650 பேரையும், கிராம ஊராட்சிகளில் 12,913 பேரையும் மாற்றுத்திறனாளி உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்தன. சங்கங்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்றது இது. ஆயினும், நகர்மன்றங்களில் நியமன உறுப்பினருக்கு வாக்குரிமை இல்லை என்பதை அரசியலமைப்பின் 243ஆர் உறுப்பே சொல்லியிருக்கிறது. அவருடைய ஆயுதம் பேச்சும் நடவடிக்கைக் குறிப்பும்தான். கட்டட அனுமதிக் கோப்பு மன்றத்துக்கு வரும் நாளில் 44-ஆம் பிரிவைப் படித்துக் காட்டி, ‘என் ஆட்சேபம் குறிப்பில் பதிவாகட்டும்’ என்று சொல்லத் தெரிந்தவரைச் சங்கங்கள் முன்கூட்டியே தயார் செய்யாவிட்டால், அந்த இடத்தில் கட்சிக்காரரின் சிபாரிசு வந்து உட்காரும். உட்கார்ந்தபின் ஆட்சேபித்துப் பயனில்லை. உங்கள் உள்ளாட்சியில் நியமிக்கப்பட்டவர் உண்டா, உண்டானால் யார் என்று இன்றைக்கே விசாரியுங்கள். அவர் உங்கள் சங்கத்துக்கு அந்நியரானால், அவரைப் போய்ப் பாருங்கள்.

முதலில் சொன்ன தாலுகாச் சங்கத்தார் போன மாதம் மறுபடி வந்தார்கள். எட்டடிச் சரிவை இருபத்து நான்கடியாக்கக் கோரும் மனு. தீர்மான எண் இருந்தது, பிரிவு எண் இருந்தது, அளவு போட்ட படமும் இருந்தது. நான் திருத்துவதற்கு ஒன்றும் வைக்கவில்லை. பிரதி மட்டும் ஒன்றுதான் எடுத்து வந்திருந்தார்கள். இதைப் படிக்கும் சங்கத்தாரே, வருகிற திங்கட்கிழமை புறப்படுமுன் இரண்டாவது பிரதி பையில் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை விழாமல் வீடு திரும்பாதீர்கள்.