துணிக்கையா, அலையா? ஒளியும் இலத்திரனும் சொல்லும் விடை

2025ஆம் ஆண்டைக் குவாண்டம் விஞ்ஞானத்துக்கும் தொழினுட்பத்துக்குமான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்திருந்தது. ஆயினும் 'குவாண்டம்' என்னும் சொல், நோய் தீர்க்கும் பதக்கங்களுக்கும் எண்ணியதை அடையச் செய்யும் பயிற்சிகளுக்கும் ஒட்டப்படும் முத்திரையாகவே நம்மில் பலரை வந்தடைகின்றது. நோக்குபவரின் மனமே உலகை மாற்றுகின்றது என்பதுதான் அவ்விளம்பரங்களின் சாரம். பௌதிகவியல் உண்மையில் கூறுவது யாது?

கறுப்பு வெள்ளைப் புகைப்படக் காலத்தில் ஸ்ரூடியோக்களின் இருட்டறைகளில் சிவப்பு விளக்கு மட்டுமே எரியும். அதனால் படத்தாள் பழுதடைவதில்லை. கதவிடுக்கால் ஒரு கீற்று வெயில் நுழைந்தாலோ தாள் கறுத்துவிடும். ஒளி வெறும் அலையாயின், சிவப்பொளியும் சிறுகச் சிறுகச் சக்தியைச் சேர்த்துத் தாளைக் கறுப்பாக்கியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், ஒளி தன் சக்தியைச் சொட்டுச் சொட்டாகவே கையளிப்பதாகும். சிவப்பொளியின் ஒரு சொட்டு சிறியது. நீல ஒளியின் சொட்டு பெரியது. பத்துச் சதங்களை எத்தனை முறை இட்டாலும் பத்து ரூபா நாணயத்துக்கென அமைத்த பொறி திறவாது என்பதைப் போன்றதே இது.

சூடான பொருட்களின் கதிர்வீசலை விளக்குவதற்காக 1900இல் மக்ஸ் பிளாங் தயக்கத்துடன் முன்வைத்த இக்கருத்தை, 1905இல் ஐன்ஸ்டீன் ஒளிக்கே உரியதாக்கினார். உலோகத்தில் ஒளி பட்டு இலத்திரன்கள் வெளியேறும்போது, அவற்றின் சக்தியை ஒளியின் செறிவன்றி மீடிறனே தீர்மானிக்கின்றது என்றார் அவர். அமெரிக்கரான ரொபேட் மில்லிகன் இதனை ஏற்கவில்லை. பிழையென நிறுவும் நோக்கில் சுமார் பத்தாண்டுகள் உழைத்தார். 1916இல் வெளியான அவரது அளவீடுகளோ ஐன்ஸ்டீனின் சமன்பாட்டையே உறுதிசெய்தன. தாம் விரும்பாத முடிவை மறைக்காது வெளியிட்ட அந்நேர்மையை எத்துணை பாராட்டினாலும் தகும்.

அலையென எண்ணிய ஒளி துணிக்கையானால், துணிக்கையென எண்ணிய இலத்திரன் அலையாகாதா என 1924இல் வினவினார் பிரான்சின் டி புறோக்லி. 1897இல் இலத்திரனைத் துணிக்கையாக இனங்கண்டவர் ஜே. ஜே. தொம்சன். 1927இல் அது அலைபோலக் கோணலுறுவதைக் காட்டியவர்களுள் ஒருவர் அவரது மகன் ஜோர்ஜ் தொம்சன். தந்தையும் மகனும் நோபல் பரிசு பெற்றனர். இருவர் கூற்றிலும் தவறில்லை.

1989இல் ஜப்பானின் ஹிற்றாச்சி ஆய்வுகூடத்தில் அகிரா தொனொமுரா குழுவினர், மின்னேற்றிய மெல்லிய இழையொன்றின் இருபுறமும் செல்லத்தக்கதாக இலத்திரன்களை ஒவ்வொன்றாகச் செலுத்தினர். திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகவே விழுந்தது. முதலில் ஒழுங்கேதும் தென்படவில்லை. புள்ளிகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது அலைகளுக்கே உரிய தலையீட்டுக் கோடுகள் தெளிவாகத் தோன்றின. தனியொரு இலத்திரன் எங்கு விழும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்லவியலாது. நிகழ்தகவை மட்டுமே கணிக்கலாம்; அக்கணிப்போ மிகத் துல்லியமானது.

இலத்திரன் எவ்வழியால் சென்றது என்பதை அறிய ஏற்பாடு செய்தால் இக்கோடுகள் மறைந்துவிடும். விளம்பரகாரர் பற்றிக்கொள்வது இதனைத்தான். ஆனால் இங்கு 'நோக்குதல்' என்பது மனத்தின் செயலன்று. வழியைப் பற்றிய தடயத்தை விட்டுச்செல்லும் எந்தவொரு மோதலும் அதற்குப் போதுமானது. 70 காபன் அணுக்களாலான மூலக்கூறுகளைக் கொண்டு வியன்னாவில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்றில், கருவியின் வெற்றிடத்தினுள் சிறிதளவு வாயுவைச் செலுத்தியபோதே தலையீட்டுக் கோலம் மங்கிப்போயிற்று. அம்மூலக்கூறுகளை நோக்கியவர் எவருமில்லை. வாயுத் துணிக்கைகள் அவற்றில் மோதின, அவ்வளவே.