ரிப்போர்ட் எழுதப் போவது டாக்டரா, கம்ப்யூட்டரா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து நடக்கும். டாக்டருக்குப் படிக்க வைப்பதா, நர்ஸிங்கா, லேப் டெக்னீஷியனா, மெடிக்கல் கோடிங்கா என்று. இப்போது அந்தப் பஞ்சாயத்தில் புதுசாக ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஏ.ஐ. என்று சொல்கிற செயற்கை நுண்ணறிவு! "லட்ச லட்சமா செலவு பண்ணிப் படிக்க வெச்சு, நாளைக்கு அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செஞ்சுட்டா என்ன பண்றது?" என்று பெற்றவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், பதில் எல்லாருக்கும் ஒன்று இல்லை. ஆஸ்பத்திரி என்கிற ஒரே கட்டடத்துக்குள் சிலருக்கு வேலை கூடுகிறது. சிலருக்குக் கரைந்துகொண்டே போகிறது. யாருக்கு எது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

முதலில், உங்கள் வீட்டு ஃபைலில் பழைய ஈ.சி.ஜி. தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பல தாள்களில் கோடுகளுக்கு மேலே பொடி எழுத்தில் நார்மல், அப்நார்மல் என்று இங்கிலீஷில் அச்சாகியிருக்கும். அதை எழுதியது டாக்டர் இல்லை, மெஷின்! ரொம்ப வருஷமாகவே இப்படித்தான். சும்மா இருக்கிறவரை 'அப்நார்மல்' என்று பயமுறுத்துவதும் உண்டு. நிஜமாகவே நெஞ்சு வலியோடு வந்தவருக்கு 'நார்மல்' போட்டுவிடுவதும் உண்டு. அதனால்தான் டாக்டர் அந்த வரியைத் தாண்டி, கோடுகளைத் தன் கண்ணால் பார்க்கிறார். இதனால் எந்த இதய டாக்டருக்கும் வேலை போனதாகத் தெரியவில்லை.

லேபிலும் இதே கதைதான். ரத்த அணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. வாலஸ் கோல்ட்டர் என்கிற அமெரிக்கர் 1953-ல் காப்புரிமை வாங்கிய கருவி, அந்த எண்ணும் வேலையை எடுத்துக்கொண்டது. லேப்கள் மூடியா போயின? இன்றைக்குத் தெருவுக்குத் தெரு லேப்! எண்ணுவது சுலபமானதும் டெஸ்ட் எழுதிக் கொடுப்பது கூடிவிட்டது. (கொஞ்சம் அநாவசியமாகவே கூடிவிட்டது என்பது என் அபிப்பிராயம். அது வேறு கட்டுரை.)

பொய்த்துப் போன ஜோசியம்

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர்களை ரேடியாலஜிஸ்ட் என்கிறோம். ஏ.ஐ. வந்தால் முதலில் காலியாகப் போவது இவர்கள் வேலைதான் என்று 2016-ல் ஒருவர் அடித்துச் சொன்னார். ஜெஃப்ரி ஹிண்டன். சாதாரண ஆள் இல்லை, இந்த ஏ.ஐ.க்கே அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர், 2024-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், இன்னும் 5 வருஷத்தில் கம்ப்யூட்டர் அவர்களை மிஞ்சிவிடும் என்பது அவர் வாக்கு.

நடந்தது என்ன? அமெரிக்காவின் பிரபல மேயோ கிளினிக்கில் 2016-ல் இருந்ததைவிட 2025-ல் ரேடியாலஜிஸ்ட்டுகள் 55 சதவிகிதம் அதிகம்! இத்தனைக்கும் அங்கே ஏ.ஐ.யைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அன்றைக்குப் பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டேன் என்று ஹிண்டனே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

காரணம் இருக்கிறது. ரேடியாலஜிஸ்ட் வெறுமனே படம் பார்க்கிறவர் இல்லை. எந்த ஸ்கேன் எடுக்கணும், எது வேண்டாம் என்று சொல்கிறார். போன வருஷத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். சர்ஜனோடு பேசுகிறார். ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் ஊசி விட்டுத் திசு எடுக்கிறார். கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்வது இதில் ஒரு பங்கைத்தான்.

அந்த ஒரு பங்கில் கம்ப்யூட்டர் கெட்டிக்காரனாகவே இருக்கிறது என்பதையும் சொல்லியாகணும். ஸ்வீடனில் பெண்களுக்கு எடுக்கும் மார்பக எக்ஸ்ரே ஒவ்வொன்றையும் 2 டாக்டர்கள் பார்ப்பது வழக்கம். 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். படத்தை முதலில் கம்ப்யூட்டர் பார்க்கும். ஆபத்து குறைவு என்றால் ஒரு டாக்டர் பார்த்தால் போதும். அதிகம் என்றால் இரண்டு பேர். 2023-ல் வெளியான முடிவு: டாக்டர்கள் படம் பார்க்கும் வேலை 44 சதவிகிதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய்கள்? பழைய முறையில் 203, புது முறையில் 244. டாக்டருக்கும் லாபம், நோயாளிக்கும் லாபம்.

கண்ணைப் படிக்கும் கம்ப்யூட்டர்

நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் கண்ணின் விழித்திரையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியும். வலி இருக்காது. பார்வையும் ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும். மங்கத் தொடங்கும்போது பாதிப்பு முற்றியிருக்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துவிடணும். ஆனால் 10 கோடிப் பேரை வருஷா வருஷம் பார்க்க விழித்திரை டாக்டர்களுக்கு எங்கே போவது?

இங்கேதான் மதுரை வருகிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் வெறும் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, கூகுள் நிறுவனத்தோடு சேர்ந்தது. விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்லும் ஏ.ஐ. பற்றிய கூகுளின் ஆய்வு 2016-ல் வெளியானது. சுமார் 1,28,000 படங்களைக் காட்டி அதைப் பழக்கினார்கள். ஒவ்வொரு படத்தையும் டாக்டர்கள் 3 முதல் 7 தடவை பார்த்து, இது ஆரம்ப நிலை, இது முற்றிய நிலை என்று குறித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 54 டாக்டர்கள். ஆக, கம்ப்யூட்டருக்கு 'அறிவு' எங்கிருந்தோ வந்துவிடவில்லை. டாக்டர்கள் கண் வலிக்கப் பார்த்துக் கொடுத்ததுதான்! பல இந்தியக் கண்களின் படங்களும் அதில் சேர்த்தி.

சரி, இனி டாக்டரும் வேண்டாம், ஆளும் வேண்டாம், கம்ப்யூட்டர் மட்டும் போதுமா? தாய்லாந்தில் பட்ட பாட்டைக் கேளுங்கள். அங்கே 11 கிளினிக்குகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவம் 2020-ல் வெளியானது. நர்ஸுகள் எடுத்த படங்களில் 21 சதவிகிதத்தை, தெளிவாக இல்லை என்று கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது. காரணம் ரொம்பச் சாதாரணம். சில இடங்களில் அறையை இருட்டாக்க வசதி இல்லை. இன்டர்நெட் இழுத்து இழுத்துப் போனது. வாசலில் கூட்டமோ கூட்டம். படம் தேறாதவர்களை, இன்னொரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்ப வேண்டியதாயிற்று. ஆய்வுக்கூடத்தில் சூரன், கிளினிக் வாசலில் திணறல்!

அப்படியானால் இந்த ஏற்பாட்டில் முக்கியமான ஆள் யார்? தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, "அசையாதீங்க தாத்தா, இதோ முடிஞ்சுது" என்று இதமாகப் பேசி, இமையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிற பெண்தான். அரவிந்தில் ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, 2 வருஷம் பயிற்சி கொடுத்து இந்த மாதிரி வேலைகளுக்குத் தயார் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்ததால் இவர்கள் கைக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். எங்கோ உட்கார்ந்து நாள் முழுக்கப் படங்களைத் தரம் பிரிப்பதே வேலையாக இருப்பவர்களுக்குத்தான் வேலை சுருங்கும்.

நிஜமாகவே அடி வாங்கியவர்கள்

பூசி மெழுகாமல் சொல்லணும் என்றால், டைப் அடிக்கிற வேலை போய்க்கொண்டிருக்கிறது. 1990-களின் கடைசியில் சென்னை, கோயமுத்தூர் பக்கம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் போர்டு தொங்காத இடம் குறைவு. அமெரிக்க டாக்டர் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். அங்கே அவர் தூங்கும் நேரத்தில் இங்கே நம் பிள்ளைகள் கேட்டு டைப் அடித்துவிடுவார்கள். பிறகு பேச்சைக் கேட்டு எழுதும் சாஃப்ட்வேர் வந்தது. டைப் அடித்தவர்கள் அது எழுதியதைத் திருத்துகிறவர்கள் ஆனார்கள். இப்போது டாக்டரும் நோயாளியும் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏ.ஐ. கேட்டுக் குறிப்பு எழுதுகிறது. இந்தத் துறையில் முன்னணியில் இருந்த நுவான்ஸ் கம்பெனியை மைக்ரோஸாஃப்ட் 2022-ல் வாங்கி முடித்தது, சுமார் 1,970 கோடி டாலருக்கு! அந்தத் தொகையைப் பார்த்தாலே இந்த வேலை எந்தத் திசையில் போகிறது என்று புரியும்.

மெடிக்கல் கோடிங் அந்த அளவுக்கு இல்லை. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீட்டு எண் போடுகிற வேலை இது. அமெரிக்காவில் 2015 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கும் முறையில் நோய்களுக்கு மட்டும் சுமார் 70 ஆயிரம் எண்கள். எக்ஸ்ரே மாதிரி ஒரே அச்சில் வரும் ரிப்போர்ட்டுகளுக்குக் கம்ப்யூட்டரே எண் போட்டுவிடும். சிக்கலான ஆபரேஷன்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பிய பில்கள், தணிக்கை என்று வந்தால் விஷயம் தெரிந்த மனுஷர் வேண்டும். ஆனால் புதிதாகச் சேருகிறவர் கை பழகுவதே அந்தச் சுலபமான ரிப்போர்ட்டுகளில்தான். முதல் படியை எடுத்துவிட்டால் மாடிக்கு எப்படி ஏறுவது? இந்தக் கேள்விக்கு அந்தத் துறை இன்னும் சரியான வழி காணவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

டாக்டர்களுக்கும் ஒரு ஆபத்து உண்டு. அது வேலை போகிற ஆபத்து இல்லை, கை மறக்கிற ஆபத்து. போலந்தில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி டாக்டர்களை ஆராய்ந்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரும் அனுபவசாலிகள். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளை, ஏ.ஐ. வருவதற்கு முன் 28.4 சதவிகிதப் பரிசோதனைகளில் கண்டுபிடித்து வந்தார்கள். ஏ.ஐ. துணையோடு சில மாதம் பழகியபின், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் இது 22.4 ஆக இறங்கிவிட்டது! கால்குலேட்டர் வந்தபின் நமக்கு வாய்ப்பாடு மறந்ததே, அந்த மாதிரி.

நம் நாட்டில் ஒரு தெளிவான வரம்பு இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிகளின்படி, ஏ.ஐ. நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ, மருந்து எழுதவோ கூடாது. டாக்டருக்கு உதவியாக இருக்கலாம், அவ்வளவுதான். அதனால் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் வாங்கும்போது, கீழே எந்த டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். படத்தை அவர் பார்த்தாரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

பிள்ளைகளைச் சேர்க்கும் விஷயத்துக்கு வருவோம். நர்ஸிங், பிஸியோதெரபி, ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், டயாலிசிஸ் டெக்னீஷியன் மாதிரி நோயாளியைத் தொட்டுச் செய்யும் படிப்புகளுக்கு இப்போதைக்குப் பயம் வேண்டாம். கோடிங் படிக்க ஆசைப்பட்டால், உடற்கூறும் நோயியலும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். எண்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் முதலில் வெளியே போவார்கள். எந்தப் படிப்பானாலும் ஆஸ்பத்திரியில் எத்தனை மாதம் பயிற்சி என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் ரூமை மட்டும் காட்டி ஃபீஸ் கேட்கிற இடமாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அங்கே போன வருஷம் படித்து முடித்த இரண்டு பேரிடம் பேசிவிட்டு வாருங்கள்.