இசை மென்பொருளை எடைபோடுவது எப்படி? ஒரு வில்லுப்பாட்டுப் பதிவு சொல்லிக்கொடுத்த மூன்று கேள்விகள்

"எஃப்எல் ஸ்டுடியோ நல்லதா, ஏபிள்டன் நல்லதா?" வீட்டிலேயே பாட்டு பதிவு பண்ண நினைக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முன்னாடியெல்லாம் வசதிகளைப் பட்டியல் போட்டு, விலையை ஒப்பிட்டு ஒரு பதில் சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. காரணம், போன வருஷம் எனக்கு நடந்த ஒரு விஷயம்.

2009-ல் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு. என் பெரியப்பா அந்தக் குழுவில் குடம் அடிப்பவர். எட்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பாடுபவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, வில், உடுக்கை, குடம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று என்று ஐந்து மைக் வைத்து, ஐந்து தடங்களாக லேப்டாப்பில் பதிவு செய்தேன். அப்புறம் ஒரு மாதம் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, ஒலி அளவைச் சரிபண்ணி ஒரு சிடி போட்டுக் கொடுத்தேன். பெரியப்பா இப்போது இல்லை. போன வருஷம் அண்ணன் போன் பண்ணி, "பையன் குடம் படிக்கான். அப்பா அடிச்சது மட்டும் தனியா கேக்கணும்னு சொல்லுதான். உங்கிட்ட இருக்கும்லா?" என்று கேட்டார். "இருக்கு, ரெண்டு நாள்ல அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ரெண்டு நாள் இல்லை, ஆறு வாரக் கடைசிகள் ஆச்சு. ப்ராஜெக்ட் கோப்பு திறக்கவில்லை. அந்த மென்பொருளின் இன்றைய பதிப்புக்கு 2009-இன் கோப்பு புரியவில்லை. பழைய பதிப்பு புது கணினியில் நிறுவ மறுத்தது. நான் பயன்படுத்திய செருகுநிரல்களில் ஒன்றைத் தயாரித்த நிறுவனமே இன்று இல்லை. ஹார்ட் டிஸ்கில் மிஞ்சியது இருநூறுக்கும் மேற்பட்ட வேவ் துண்டுகள். பெயர்கள் எல்லாம் "ஆடியோ 3-041" மாதிரி. எது எந்த மைக், எது எந்தப் பாட்டு என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

கோப்புக்குள் என்னதான் இருக்கு?

இசை மென்பொருளைப் பற்றிப் பேசும் முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் பதிவு செய்யும் ஒலி தனியாக, வேவ் கோப்புகளாக டிஸ்கில் உட்கார்ந்திருக்கும். அதை மென்பொருள் தொடுவதே இல்லை. திரையில் நீங்கள் வெட்டும்போது ஒலி வெட்டுப்படாது; "இந்தக் கோப்பில் 12-ஆம் விநாடியில் இருந்து 19-ஆம் விநாடி வரை எடுத்து, மூன்றாம் தடத்தில் இந்த இடத்தில் வை" என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதப்படும். ஒலி அளவு, எதிரொலி, மங்கல் எல்லாமே இப்படிக் குறிப்புகள்தான். அந்தக் குறிப்புகளின் தொகுப்புதான் ப்ராஜெக்ட் கோப்பு.

அதாவது, ஒலி என்பது சரக்கு. ப்ராஜெக்ட் கோப்பு என்பது கணக்கு நோட்டு. என் விஷயத்தில் சரக்கு முழுசா இருந்தது, கணக்கு நோட்டைத்தான் படிக்க முடியவில்லை.

இதை மீட்டெடுத்த கதையைப் பின்னால் சொல்கிறேன். மீட்டெடுத்த துண்டுகளை வைத்து ஒரு சோதனையும் செய்தேன். அதே ஐந்து தடங்களை வேறு வேறு மென்பொருட்களில் போட்டு, மூன்று கேள்விகள் கேட்டேன்.

கேள்வி 1: தாளத்தைப் பற்றி அது என்ன நினைக்கிறது?

பெரும்பாலான மென்பொருட்களில் புது ப்ராஜெக்ட் திறந்தால் நிமிடத்துக்கு 120 அடி, நாலு அடிக்கு ஒரு கட்டம் என்றுதான் வரும். ஆதி தாளத்துக்கு இது ஒத்துப்போகும். மிஸ்ர சாபுவுக்கு ஏழு என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆலாபனை, விருத்தம், ஒப்பாரிக்கு எந்தக் கட்டமும் கிடையாது. வில்லுப்பாட்டோ இன்னும் சிக்கல். வசனம் பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று பாட்டுக்குத் தாவுவார், கதை சூடுபிடிக்கச் சூடுபிடிக்க வேகம் ஏறிக்கொண்டே போகும்.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பிறந்த வீட்டுக் குணம் உண்டு. எஃப்எல் ஸ்டுடியோ 1997-ல் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில், பெட்டிகளை அமுக்கித் தாளம் அமைக்கும் கருவியாகப் பிறந்தது. ஏபிள்டன் லைவ் 2001-ல் பெர்லினில் இருந்து வந்தது. லூப்புகளை மேடையில் நேரடியாக இயக்குவதற்காக உருவானது. க்யூபேஸ் 1989-ல் அட்டாரி கணினியில் மிடி சுரங்களை அடுக்கும் கருவியாகத் தொடங்கியது. ப்ரோ டூல்ஸ் டேப்பை வெட்டி ஒட்டும் வேலையைக் கணினிக்குக் கொண்டுவந்த மரபு. இன்று எல்லாமே எல்லாம் செய்யும். ஆனாலும் எந்த வேலை சுலபம், எந்த வேலைக்கு மெனுவுக்குள் தேட வேண்டும் என்பதை அந்தப் பிறந்த வீடுதான் தீர்மானிக்கிறது.

புதுப் பாட்டு கட்டுவதற்கு எஃப்எல் ஸ்டுடியோ அருமை. பத்து நிமிஷத்தில் ஒரு தாளம் ஓடும். ஒரு தடவை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதுப் பதிப்புகள் இலவசம். ஆனால் இருப்பதிலேயே விலை குறைந்த பதிப்பில் வெளி ஒலியைப் பதிவு செய்து தடத்தில் அடுக்கும் வசதி கிடையாது. விலையைப் பார்த்து அவசரப்பட்டு வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. ஏபிள்டனில் நீளமான ஒலியை உள்ளே இழுத்தால், அதுவே தாளத்தைக் கண்டுபிடித்துத் தன் வேகத்துக்கு இழுத்துப் பிடிக்கப் பார்க்கும். நடனப் பாட்டுக்கு வரம். என் வில்லுப்பாட்டில் அது வசனத்துக்குள் தாளம் தேடி, புலவரை ரப்பர் மாதிரி இழுத்துவிட்டது. செட்டிங்கில் அணைக்கலாம், ஆனால் அணைக்கணும் என்று முதலில் தெரியணுமே!

ரீப்பர், ஆர்டோர், ப்ரோ டூல்ஸ் மூன்றிலும் கட்டத்தை மறந்துவிட்டு நிமிடம்-விநாடி அளவுகோலில் நிம்மதியாக வேலை செய்ய முடிந்தது. லாஜிக் ப்ரோவில் பாடுபவரின் வேகத்துக்கு ஏற்பக் கட்டத்தையே வளைக்கும் வசதி 2018-ல் வந்தது. பாட்டுப் பகுதிகளில் அது நன்றாகவே வேலை செய்தது.

கேள்வி 2: சுருதியைப் பற்றி அது என்ன நினைக்கிறது?

எல்லா மென்பொருளிலும் சுரங்களை எழுதும் இடம் ஒரு பியானோ. ஸ்தாயிக்கு 12 கட்டை, ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக 100 சென்ட். நம் காதுக்குத் தம்பூராவோடு சேர்ந்து ஒலிக்கும் அந்தர காந்தாரம் சுமார் 386 சென்டில் நிற்கும். பியானோவில் அது 400. இந்த வித்தியாசத்தைக்கூட டியூனிங் மாற்றிச் சரிபண்ணலாம். ஏபிள்டன் லைவ் 2024-ல் வந்த 12-ஆம் பதிப்பில் வேறு வேறு சுருதி அமைப்புகளுக்கு இடம் கொடுத்துவிட்டது.

உண்மையான சிக்கல் கமகம். தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். மிடி 1983-ல் வந்தபோது ஒரு சுரத்தை ஒரு எண் என்று வைத்தார்கள். சுரத்தை வளைக்க 16,384 படிகள் கொண்ட ஒரு கட்டுப்பாடு உண்டு, துல்லியத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வளைவு ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரத்தையும் சேர்த்து வளைக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வளைவு தரும் எம்பிஇ முறை 2018-ல்தான் தரமாக ஏற்கப்பட்டது. மவுஸை வைத்துக் கமகம் வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வரிக்கு ஒரு சாயங்காலம் போகும்.

பாடியதைத் திருத்தும் கருவிகளிலும் இதே கதை. ஆட்டோ-டியூன் 1997-ல் வந்தது. அதை எழுதிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் எண்ணெய்த் தேடலுக்காக நிலத்தடி அதிர்வுகளை ஆராய்ந்தவர். கணக்கு பிரமாதம். ஆனால் அதன் இயல்பான எதிர்பார்ப்பு, சுரம் ஏதாவது ஒரு கட்டையில் நிற்க வேண்டும் என்பது. ஆர்வக்கோளாறில் எங்கள் புலவரின் ஒரு வரிக்கு இந்த மாதிரித் திருத்தம் ஒன்றை முழு வேகத்தில் போட்டுப் பார்த்தேன். வரி முடிவில் அவர் மேலே இழுத்துப் பிடிக்கும் அந்த ஏக்கம், படிக்கட்டில் ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது. மெலோடைன் மாதிரி ஒவ்வொரு சுரத்தையும் கையால் தொட்டுத் திருத்தும் கருவி பரவாயில்லை. எதைத் தொடக்கூடாது என்று நாமே முடிவு செய்யலாம்.

கேள்வி 3: வெளியே வர வழி இருக்கா?

இதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி. விளம்பரத்தில் உள்ளே வரும் வழியைத்தான் காட்டுவார்கள்.

லாஜிக் ஒரு காலத்தில் விண்டோஸிலும் ஓடியது. 2002-ல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. கேக்வாக் 1987-ல் இருந்து இருக்கும் பெயர். கிப்சன் கிட்டார் நிறுவனம் 2013-ல் அதை வாங்கி, 2017-ல் மூடியது. அடுத்த வருஷம் பேண்ட்லேப் வாங்கி இலவசமாகக் கொடுத்ததால் பிழைத்தது. மேக் கணினிகளில் 2019-இன் கேட்டலினா பதிப்போடு 32 பிட் நிரல்கள் எல்லாம் ஓடாமல் போயின. இதில் எதிலும் பயனர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதனால் நான் இப்போது பார்ப்பது, ப்ராஜெக்ட் கோப்பை அந்த மென்பொருள் இல்லாமல் படிக்க முடியுமா என்பதை. ரீப்பரின் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்தால் எந்த வேவ் எங்கே தொடங்குகிறது என்று படிக்கலாம். ஆர்டோர் எக்ஸ்எம்எல், மென்பொருளின் மூல நிரலே திறந்திருக்கிறது. ஏபிள்டன் கோப்பும் உண்மையில் அமுக்கப்பட்ட எக்ஸ்எம்எல்தான், விரித்தால் படிக்கலாம். ஆடாசிட்டி பழைய பதிப்புகளில் ஒலியை ஆயிரக்கணக்கான துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் சிதறவிடும். ஃபோல்டர் இடம் மாறினால் போச்சு. 2021-ல் இருந்து எல்லாவற்றையும் ஒரே எஸ்க்யூலைட் கோப்பில் வைக்கிறது, நல்ல முன்னேற்றம். பிட்விக், பிரிசோனஸ் இரண்டும் சேர்ந்து 2023-ல் டா-ப்ராஜெக்ட் என்ற பொது வடிவத்தை வெளியிட்டன. மற்றவர்களும் மெல்ல மெல்ல ஏற்கிறார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எழுத்துக் கோப்பு என்றாலும் செருகுநிரலின் அமைப்புகள் அதற்குள் புரியாத எழுத்துக் குவியலாகத்தான் இருக்கும். எதிரொலி எவ்வளவு வைத்தோம் என்பது அந்தச் செருகுநிரலுக்கு மட்டுமே தெரியும். எந்த மென்பொருளும் இதில் முழு மதிப்பெண் வாங்காது.

மீட்டது எப்படி

மேடையில் ஒரு மைக்குக்கு வைத்த ஒலி பக்கத்து மைக்கிலும் விழும். சாதாரணமாக இதைத் திட்டுவோம். எனக்கு அதுதான் கைகொடுத்தது. குடத்தின் "பும்" ஐந்து தடத்திலும் இருந்தது. ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதி, துண்டுகளின் அலைவடிவங்களை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தி, எங்கே அதிகம் பொருந்துகிறது என்று கணக்குப் போட்டேன். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்கு 6 மில்லி விநாடி தாமதம். அந்த அளவுக்குள் துண்டுகள் சேர்ந்துகொண்டன.

பிராட்காஸ்ட் வேவ் என்று ஒரு வடிவம் 1997-ல் இருந்தே இருக்கிறது. பதிவு தொடங்கிய நேரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். அன்றைக்கு அந்த ஒரு டிக் பெட்டியைத் தட்டியிருந்தால் ஆறு வாரம் மிச்சம். நான் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ஒலி அளவுகளும் வெட்டுகளும் மட்டும் போனது போனதுதான்.

சரி, எதை வாங்குவது?

லூப், பீட், சினிமாப் பாணிப் பாட்டு என்றால் எஃப்எல் ஸ்டுடியோ அல்லது ஏபிள்டன். மேக் வைத்திருப்பவர்களுக்கு இலவச கராஜ்பேண்டில் தொடங்கி லாஜிக் போவது இயல்பு. சினிமா ஸ்டுடியோவில் வேலை தேடுபவர் ப்ரோ டூல்ஸ் தெரிந்து வைத்திருப்பது நல்லது, சந்தாச் செலவையும் கணக்கில் வையுங்கள். பாட்டியின் தாலாட்டு, கோயில் கொடை, கச்சேரி மாதிரி நடப்பதை நடந்தபடி பதிய வேண்டும் என்றால் ரீப்பர். தனிநபருக்கு 60 டாலர், 60 நாள் முழு வசதியோடு பார்த்துவிட்டு வாங்கலாம். அதன் மெனுக்கள் காடு மாதிரி இருக்கும், முதல் வாரம் திட்டுவீர்கள். காசே கூடாது என்றால் ஆர்டோரை மூல நிரலில் இருந்து கட்டிக்கொள்ளலாம், ஒரு மைக் பதிவுக்கு ஆடாசிட்டியே போதும்.

எதை எடுத்தாலும் வேலை முடிந்த அன்றே மூன்று காரியம் செய்துவிடுங்கள். ஒவ்வொரு தடத்தையும் பூஜ்ய விநாடியில் இருந்து கடைசி வரை ஒரே நீள வேவ் கோப்பாக, விளைவுகள் இல்லாமல் ஒன்று, விளைவுகளோடு ஒன்று என எடுத்து வையுங்கள். பெயரில் யார், என்ன வாத்தியம், எந்தத் தேதி என்று எழுதுங்கள். என்னென்ன செய்தீர்கள் என்று சாதாரண எழுத்துக் கோப்பில் நாலு வரி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.64 எம்பி. ஐந்து தடம், மூன்று மணி நேரம் என்றால் சுமார் 7.8 ஜிபி, ஒரு சின்ன பென் டிரைவில் அடங்கும்.

குடத்தின் தடத்தைத் தனியாக அண்ணனுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்து அவர் பையன் போன் பண்ணினான். "சித்தப்பா, வேகம் ஏறப்போற இடத்துல எல்லாம் தாத்தா ஒரு அடி விட்டுட்டுல்லா அடிக்காரு?" நான் 2009-ல் ஒரு மாதம் கேட்டும் கவனிக்காத விஷயம். அந்த இடைவெளிகளைக் கட்டத்துக்கு இழுத்துச் சரிசெய்யும் பொத்தான் எல்லா மென்பொருளிலும் இருக்கு. நல்லவேளை, அன்றைக்கு எனக்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கவில்லை.

உங்களிடம் இருப்பதிலேயே பழைய ப்ராஜெக்ட் கோப்பு ஒன்றை இந்த வாரம் திறந்து பாருங்கள். திறந்தால் அன்றைக்கே வேவ் எடுத்து வைத்துவிடுங்கள்.