கோழியை அறுக்காமல் கோழிக் கறி!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓசூர் வீட்டில் ஒரே ரகளை. அப்பாவோடு கோழிக் கடைக்குப் போய் வந்த என் சின்னவள், "இனிமே எனக்குக் கறி வேண்டாம்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். கூண்டிலிருந்த கோழியைக் கடைக்காரர் எடுத்ததைப் பார்த்துவிட்டாளாம். பன்னிரண்டு வயசு, வளர்கிற பெண். அதட்டுவதா, கெஞ்சுவதா?

அப்போதுதான் டாக்டர் உமா வலேட்டியின் கதை ஞாபகம் வந்தது. (பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்காதீர்கள். நானும் ஏமாந்தேன்!) விஜயவாடாக்காரர். அவரும் பன்னிரண்டு வயசில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனார். முன்வாசலில் பாட்டும் கூத்தும். பின்பக்கம் போனால், விருந்துக்காக உயிர்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அது அந்தப் பிள்ளை மனசை விட்டுப் போகவே இல்லை.

புதுச்சேரி ஜிப்மரில் படித்து, அமெரிக்கா போய் இதய நிபுணரானார். மாரடைப்பில் கெட்ட இதயத் தசையை ஸ்டெம் செல் கொடுத்து வளர்க்கும் ஆராய்ச்சியில் இருந்தபோது, 'கறியையும் இப்படி வளர்த்தால் என்ன?' என்று தோன்றியதாம். 2015-ல் கூட்டாளிகளோடு மெம்ஃபிஸ் மீட்ஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். பிறகு அது அப்சைட் ஃபுட்ஸ் ஆனது. கைநிறையச் சம்பளம் வாங்கும் டாக்டர் வேலையை விட்டுவிட்டு!

பாலில் உறை ஊற்றுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கோழியிலிருந்தோ முட்டையிலிருந்தோ கொஞ்சம் செல் எடுத்து, பெரிய எஃகுத் தொட்டியில் சர்க்கரை, அமினோ அமிலம், வைட்டமின், உப்புச்சத்து கலந்த திரவத்தில், இதமான சூட்டில் வளர்க்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கறி தயார். ஆனால் ஆரம்பத்தில் செல் வளர, பசுவின் வயிற்றிலிருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் வேண்டியிருந்தது. கோழியைக் காப்பாற்றக் கன்றைப் பலி கொடுப்பதா? அதை விலக்கத்தான் ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் பாடுபட்டார்கள்.

சிங்கப்பூர் 2020-லேயே வேறொரு கம்பெனியின் கறிக்கு அனுமதி கொடுத்தது. வலேட்டியின் கோழிக்கறிக்கு அமெரிக்காவில் 2023 ஜூனில்தான் விற்பனை அனுமதி கிடைத்தது. மறுவருஷமே ஃபுளோரிடா மாகாணம் இந்த மாதிரிக் கறியைத் தடை செய்தது. மாடு வளர்ப்பவர்கள் பிழைப்பு என்னாவது என்பது அங்கே பேச்சு. எனக்கும் அது உறுத்துகிறது. நம்ம மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே அரசுக் கல்லூரி இருக்கிறது. இந்தப் பக்கம் பண்ணையை நம்பி எத்தனை குடும்பம்!

விலையும் லேசுப்பட்டதல்ல. 2013-ல் லண்டனில் மார்க் போஸ்ட் என்ற விஞ்ஞானி காட்டிய முதல் மாட்டிறைச்சி பர்கருக்கு ஆன செலவு இரண்டரை லட்சம் யூரோ!

கதையைக் கேட்டுவிட்டு, "முட்டை சாப்பிடறேன்மா" என்று சின்னவள் இறங்கி வந்தாள். கேழ்வரகுக் களியும், முளைகட்டிய கொள்ளுக் குழம்பும் வைத்தேன். கீரையில் எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன், இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேருமே.

"அந்த டாக்டர் கறி நம்ம ஊருக்கு வந்தா வாங்கித் தருவியாம்மா?"

"முதல்ல அவர் விலையை இறக்கட்டும்டி!" என்றேன்.